நான்கு எல்லையும் ஒரு மூலையும்

என் அலுமாரியின் கீழ்த்தட்டில், ஓய்வூதியக் கோவைக்குள், தட்டச்சு செய்த ஓர் அரைத்தாள் இருக்கிறது. மூன்று பிரிவுகள் கொண்ட ஒரு விதி அதில் எழுதப்பட்டிருக்கிறது. இலக்கம் இல்லை, திகதி இல்லை, கையொப்பம் இல்லை. நான் வேலையில் இருந்த காலத்தில் வேறு யாராவது அப்படியொரு தாளை என் மேசைக்குக் கொண்டுவந்திருந்தால் குப்பைக் கூடைக்குள் போட்டிருப்பேன். போடுவதற்கு முன் கொண்டுவந்தவருக்கு ஒரு சிறு பிரசங்கமும் வைத்திருப்பேன். தாளின் வலப்பக்கக் கீழ் மூலையில் ஒரு பழுப்புக் கறை. என் மனைவி அதைத் தேத்தண்ணிக் கறை என்று முடிவு கட்டி, இரண்டு தடவை எறியப் பார்த்தார். "இதென்ன காணி உறுதியா, இப்பிடிப் பத்திரமா வெச்சிரிக்கீங்க?" என்று கேட்டார். ஒருவகையில் அப்படித்தான் என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு நிர்வாக உத்தியோகத்தரோடு இவ்வளவு காலம் குடும்பம் நடத்தியவருக்கு எந்தத் தாளையும் நம்பாமலிருக்கப் பழகிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கல்முனையில், வயல்களுக்கு நீர் பங்கிடும் ஓர் அலுவலகத்தில் நான் நிர்வாக உத்தியோகத்தராக இருந்தேன். ஏ.ஓ. என்பார்கள். லீவு, சம்பள உயர்வு, சைக்கிள் முற்பணம், இறந்துபோன ஊழியரின் மனைவிக்கு எழுதும் அனுதாபக் கடிதம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு நடைமுறை உண்டு; எல்லாம் எனக்கு மனப்பாடம். கல்முனைக்குடியில் என் சொந்தக்காரர்கள், நான் கலியாண அழைப்பிதழையும் மூன்று பிரதிகளில் எழுதுகிறவன் என்று கேலி செய்வார்கள். அது பொய். இரண்டு பிரதிகள்தான். இப்படிப்பட்ட என்னிடம் ஒரு பொறியியலாளர் வந்து சேர்ந்தார். காரைதீவுக்காரர், தமிழர், வயது இருபத்தெட்டு. தகுதிகாண் காலத்தில் இருந்தார். அது முடிந்து நியமனம் உறுதியாகச் சில மாதங்கள் இருந்தன. வேலைக்கு வருமுன் ஒரு புலமைப்பரிசிலில் ஜப்பானில் ஒரு வருடம் படித்திருந்தார். ஜப்பான் போய்வந்தவர்கள் அந்தக் காலத்தில் கசெட் போடும் றேடியோ கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவந்தது மடிக்கிற மரப்பலகை ஒன்றும், கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு பை கற்களும்.

கோ என்று ஜப்பானியர் சொல்லும் ஆட்டம் அது. பலகையில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களில் ஒருவர் கறுப்புக் கல்லையும் மற்றவர் வெள்ளைக் கல்லையும் மாறி மாறி வைக்க வேண்டும். வைத்த கல் நகராது. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஒரே நிறக் கற்கள் ஒரு கூட்டம். ஒரு கூட்டத்தைச் சுற்றியுள்ள வெற்றிடமெல்லாம் எதிரியால் அடைபட்டுப்போனால் அந்தக் கூட்டத்துக்கு மூச்சு முட்டிவிடும், பலகையிலிருந்து எடுத்துவிடுவார்கள். கடைசியில் அதிக இடம் பிடித்தவருக்கு வெற்றி. பொறியியலாளர் இதை விளக்கி முடித்ததும், "இது காணி வழக்குத்தானே" என்றேன். "ஓம் சேர். என்ன, இதில வக்கீல் இல்ல" என்றார். ஒரு வெற்றிடத்தைத் தன் கற்களாலேயே சுற்றிவளைத்து வைத்திருந்தால் அதற்குக் கண் என்று பெயர். எதிரி அதற்குள் கல் வைத்தால் அவனுடைய கல்லுக்குத்தான் மூச்சு முட்டும். இரண்டு கண்கள் உள்ள கூட்டத்தை ஒருவராலும் கொல்ல முடியாது. ஒரே தடவையில் இரண்டையும் அடைக்க இயலாது அல்லவா?

அலுவலகத்தில் ஒரு கணினியும் இருந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டுத் திட்டம் நன்கொடையாகக் கொடுத்தது. பூப்போட்ட துணியால் மூடித் தனி அறையில் வைத்திருந்தோம். அறையைப் பூட்டித் திறப்பை நான் வைத்திருந்தேன். அதைத் தொட எல்லோருக்கும் பயம், ஏனென்றால் பழுதானால் யார் பொறுப்பு என்பதற்கு இன்னும் சுற்றறிக்கை வரவில்லை. பொறியியலாளர் என்னிடம் வந்து, நாலு மணிக்குப் பிறகு அதைப் பாவிக்கலாமா என்று கேட்டார். "பாவியுங்க" என்றேன். என் சேவைக் காலம் முழுவதிலும் எழுத்தில் கொடுக்காமல் வாயால் நான் வழங்கிய ஒரே அனுமதி அது.

அவர் செய்ய நினைத்தது இதுதான். ஜப்பானில் வெள்ளக் கணக்குப் படிப்பித்தவர் அவருக்கு ஒரு வழி காட்டியிருந்தார்: மழை எப்படிப் பெய்யும் என்று தெரியாவிட்டால், கணக்குக்குள் அதைக் கண்டபடி ஆயிரம் தடவை பெய்யவிட்டு, குளம் எத்தனை தடவை உடைகிறது என்று எண்ணிப் பார். அதே வழியை இவர் ஆட்டத்துக்குள் கொண்டுவந்தார். கல்லை இங்கே வைப்பதா, அங்கே வைப்பதா? இங்கே வைத்துவிட்டு, மிச்ச ஆட்டத்தைக் கணினியே இரண்டு பக்கத்துக்குமாகக் கண்டபடி ஆடி முடிக்கட்டும். அப்படி ஆயிரம் ஆட்டம். பிறகு அங்கே வைத்து ஆயிரம் ஆட்டம். எதில் வெற்றி அதிகமோ அது நல்ல இடம். ஒரு மடையன் ஆயிரம் தடவை ஆடினால் அதிலிருந்து ஒரு புத்தி பிறக்கும் என்ற நம்பிக்கை. எத்தனையோ கூட்ட அறிக்கைகளை எழுதியவன் என்ற முறையில் எனக்கு அது புதுமையாகப் படவில்லை. ஆனால் ஆட்டம் முடியவில்லை. கண்டபடி ஆடுகிற கணினி, தன் கண்ணையே தன் கல்லால் அடைத்தது. அடைத்ததும் கூட்டம் செத்தது. செத்த இடம் வெறுமையானது. வெறுமையான இடத்தில் திரும்பவும் கற்கள் முளைத்தன. பலகை நிரம்பும், காலியாகும், நிரம்பும், காலியாகும். பொறியியலாளர் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த நிலையில்தான் மொட்டைப் பெட்டிசம் போனது. பெயரில்லாத முறைப்பாட்டுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அரசாங்க இயந்திரத்தில், அலுவலகத்துக்குள், பொறியியலாளர் சூதாடுகிறார் என்று எழுதியிருந்தது. எழுத்தை நான் அடையாளம் கண்டேன். எழுதியவர் இப்போது உயிரோடு இல்லை, அவரை அல்லாஹ் மன்னிக்கட்டும். பெயரில்லாத பெட்டிசத்தின் மேல் நடவடிக்கை எடுக்கத் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். எடுக்கவும் செய்யலாம் என்பதும் தெரியும். மேலிடம் எடுத்தது. தகுதிகாண் காலத்தில் உள்ளவர் மேல் சூதாட்டக் குற்றம் நிறுவப்பட்டால் நீண்ட நடைமுறை எதுவும் கிடையாது. ஒரு வரிக் கடிதத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அந்தக் கடிதத்தோடு போவது சம்பளம் மட்டுமல்ல. அவருடைய சட்டைப் பையில் ஓர் அலுவலக அடையாள அட்டை இருந்தது. காரைதீவிலிருந்து கல்முனைக்கு ஒரு தமிழ் இளைஞர் தினமும் வந்து திரும்பிப் போக அந்த யுத்த காலத்தில் அந்த அட்டைதான் வழி விட்டது. அது இல்லாத அவர் வயதுப் பையன்கள் சோதனைச் சாவடிகளில் இறக்கப்பட்டு, வரிசையில் நிறுத்தப்பட்டு, சிலர் அன்று மாலை வீட்டுக்கு வந்தார்கள், சிலர் வரவில்லை. பெட்டிசம் எழுதியவருக்கும் இது தெரிந்துதான் இருக்கும்.

விசாரணை அதிகாரி மட்டக்களப்பிலிருந்து வந்தார். ஓய்வு பெற்றும் விசாரணைகளுக்காகக் கூப்பிடப்படுகிறவர். வெற்றிலை போடமாட்டார், தேத்தண்ணி குடிக்கமாட்டார், சிரிக்கமாட்டார். பார்த்தவுடனேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கணினி அறைக்குள் கதிரை போடச்சொல்லி உட்கார்ந்தார்.

"தம்பி, இதென்ன?"

"ஒரு கணக்கு, ஐயா."

"கல்லு எங்க விழவேணும் எண்டு ஆரு தீர்மானிக்கிற?"

"ஒருத்தரும் இல்ல ஐயா. தாயக்கட்டை உருட்டுற மாதிரி மெஷின் தானா உருட்டி..."

மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தேன். நேரத்துக்கு மிதிக்கவில்லை. அதிகாரி ‘தாயக்கட்டை’ என்று எழுதி, கீழே கோடும் போட்டுவிட்டார். பிறகு ஆட்டத்தைக் காட்டச் சொன்னார். காட்டினோம். பத்து மணிக்குத் தொடங்கிய ஆட்டம் பள்ளியில் நண்பகல் லுஹர் பாங்கு கேட்கும்வரை ஓடியது. பலகை காலியாகும் ஒவ்வொரு தடவையும் அவர் தாளில் ஒரு கோடு போட்டார். தாளின் ஒரு பக்கம் கோடுகளால் நிரம்பியதும் பேனையை மூடினார்.

"கணக்கெண்டா விடை இருக்கவேணும், தம்பி. விடையில்லாம உருட்டிட்டே இருக்கிறதுக்கு எங்கட ஊரில வேற பேர்." என் பக்கம் திரும்பினார். "இதுக்கு எழுத்தில அனுமதி இருக்கா, ஏ.ஓ.?"

"வாய்மொழி அனுமதி, ஐயா. நான்தான் குடுத்த."

"நீங்களா?" என்றார். அந்த ஒரு சொல் என்னைக் குத்தியதுபோல் பின்னர் எந்தக் கணக்காய்வு வினவலும் குத்தவில்லை.

ஆனால் நியாயமான மனிதர். இரண்டு கிழமை தவணை கொடுத்தார். போகுமுன் ஒரு நிபந்தனை: பொறியியலாளர் அந்த இடத்திலேயே ஆட்டத்தின் ஒரு கட்டத்தைத் தாளில் வரைந்து, அதில் யாருக்கு வெற்றி என்று தன் மூளையால் கண்ட விடையை எழுதி, உறையில் போட வேண்டும். இரண்டு கிழமைக்குப் பிறகு கணினியும் அதே விடையைச் சொல்ல வேண்டும். பொறியியலாளர் ஜப்பானில் வைத்திருந்த பயிற்சிக் கொப்பியிலிருந்து ஒரு கட்டத்தை வரைந்து விடையையும் எழுதினார். உறைக்கு அரக்கு வைத்தவன் நான். மிக ஒழுங்காக வைத்தேன். பிரிக்கவே முடியாதபடி.

அன்று மாலை நான் பொறியியலாளரிடம் சொன்னேன்: எப்போது நிறுத்துவது என்று சொல்லாத நடைமுறை ஒரு நடைமுறையே அல்ல. தன் கண்ணில் தானே கல் வைக்காதே என்று ஒரு விதி எழுதிக் கொடுத்தால் ஆட்டம் முடிந்துவிடும் அல்லவா?

"அதுதான் சேர் பிரச்சினை. கண் எது எண்டு மனிசன் பாத்தா விளங்கும். மெஷினுக்குச் சட்டம் மாதிரி எழுதிக் குடுக்கவேணும்."

சட்டம் மாதிரி எழுதுவதற்குத்தானே அரசாங்கம் எனக்குச் சம்பளம் தந்தது. தட்டச்சுப் பொறியை இழுத்து வைத்து, நொத்தாரிசுமார் காணிப் பத்திரமான உறுதியை எழுதுகிற வாசகத்திலேயே எழுதினேன். வடக்கே இன்னாருடைய காணி, கிழக்கே இன்னாருடைய காணி என்று நான்கு எல்லை சொல்லிவிட்டால் எங்கள் நாட்டில் ஒரு காணி தீர்ந்தது. ஆகவே: ஒரு வெற்றிடத்தின் நான்கு எல்லைகளும் ஒரே உரிமையாளருக்குச் சொந்தமாயின் அது கண் எனப்படும், அவ்வுரிமையாளர் அதில் கல் வைக்கலாகாது, எல்லையில் பலகையின் விளிம்பு வருமாயின், கடற்கரைக் காணிக்குக் ‘கிழக்கே கடல்’ என்று எழுதுவதுபோல் அதையும் எல்லையாகக் கொள்க. பொறியியலாளர் அதை அரை மணித்தியாலத்தில் கணினி மொழிக்கு மாற்றினார். விசையை அமுக்கினார். கற்கள் திரையில் கொட்டின, நிரம்பின, நின்றன. கறுப்புக்கு இத்தனை, வெள்ளைக்கு இத்தனை என்று ஒரு வரி வந்தது. முதல்தடவையாக ஆட்டம் முடிந்திருந்தது. அவர் துள்ளி எழும்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கடைக்கு ஆளனுப்பி மீன் வைத்த மாலு பணிசும் சோடாவும் எடுப்பித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில், சட்டவரைஞர் திணைக்களம் என்னை இழந்துவிட்டதே என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் அவர் முகம் வெளிறி வந்தார். உறைக்குள் இருக்கும் கட்டத்தைக் கணினிக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். அந்தக் கட்டத்தில் கறுப்பின் முறை. பலகையின் ஓரத்தில் கறுப்புக் கற்கள் சில, பெரிய கூட்டத்திலிருந்து அறுந்துபோகும் நிலையில் நிற்கின்றன. நடுவே ஒரே ஒரு வெற்றிடம். அதில் கறுப்பு ஒரு கல்லை வைத்தால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும், கறுப்பு வெல்லும். குழந்தைக்கும் தெரியும் விடை. உறைக்குள் இருப்பதும் அதுதான். ஆனால் கணினி ஆயிரம் ஆட்டத்தில் ஒன்றில்கூட அந்த இடத்தில் கல் வைக்கவில்லை. அதன் எல்லைகள் எல்லாம் கறுப்பு என்பதால் அது கண். கண்ணில் கல் வைக்கலாகாது. விதியை அச்சொட்டாக நிறைவேற்றிக்கொண்டு, பக்கத்தில் தன் கற்கள் சாவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளைக்கு வெற்றி என்று திரும்பத் திரும்பச் சொன்னது. நான் அதுவரை என் அலுவலகத்தில் எத்தனையோ எழுதுவினைஞர்களை அப்படிப் பயிற்றுவித்திருக்கிறேன். ஓர் இயந்திரம் அதைச் செய்தபோதுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தது.

பத்து நாட்கள் போயின. அவர் எழுதுவார், அழிப்பார். விதியை எடுத்தால் ஆட்டம் முடிவதில்லை. வைத்தால் விடை பிழை. உறையை மாற்ற முடியாது, அரக்கு என்னுடையது. கடைசியில் ஒரு காலையில் நாங்கள் இருவரும் என் மேசையில் பலகையை விரித்து, அதே கட்டத்தைக் கற்களால் அடுக்கி, மெல்லிய குரலில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம். எதிரே வாங்கில் வட்டவிதானையார் உட்கார்ந்திருந்தார். வரிப்பத்தான்சேனைப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் திறப்பதும் பூட்டுவதும் யாருக்கு எப்போது என்று தீர்ப்பதும் அவர் வேலை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர்; காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். மதகு திருத்தும் கடிதமொன்றில் என் கையொப்பத்துக்காக வந்தவர், சாரனை மடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலமாகக் காத்திருந்தார்.

"ஏ.ஓ. தம்பி, கந்தோருல கல்லு வெளாடுறீங்க எண்டு ஊருல கதைக்கிறாங்க. நான் நம்பல்ல" என்றபடி எழும்பி வந்து பலகையைக் குனிந்து பார்த்தார். "இது என்ன வழக்கு?"

எரிச்சலோடு சொன்னேன்: கறுப்பு ஒருவருடைய வயல்கள், வெள்ளை இன்னொருவருடையவை, நடுவில் இந்தத் துண்டு வெறுமையாகக் கிடக்கிறது, நான்கு எல்லையும் கறுப்பு. விளங்க இலகுவாக இருக்கட்டும் என்று பலகையின் நடுவிலேயே வேறு சில கற்களால் அப்படியொரு துண்டை அடுக்கியும் காட்டினேன்.

"மூலைக் காணி ஆருட?"

"நாலில ரெண்டு வெள்ளையிட" என்றார் பொறியியலாளர்.

"அப்ப இந்தக் கறுப்பு வயலுலருந்து அந்தக் கறுப்பு வயலுக்குத் தண்ணி எதால போற?"

பொறியியலாளர் விரலால் கோட்டைத் தொடர்ந்து போனார்; வெள்ளைக் கல் நின்ற மூலையில் விரல் முட்டியது.

"சுத்தி வர ஏலா. மூலைய அவன் புடிச்சிட்டான். நடுத்துண்ட வெட்டி வாய்க்கால் ஆக்கத்தான் வேணும். நீங்க என்னண்டா, அது அவன்ட சொந்தத் துண்டு, தொடப்படா எண்டு காவல் நிக்கிறீங்க. அங்கால வயல் காஞ்சி சாகுது."

"ஒரு மூல மட்டும் போனா, காக்கா?" என்று கேட்டார் பொறியியலாளர். அவர் குரல் மாறியிருந்தது.

"ஒண்டு போனா மத்தப் பக்கத்தால சுத்திக் கொண்டு வரலாம். ரெண்டு போனா அறுந்திரும்."

எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. "உறுதியில மூல எழுதற இல்லயே, காக்கா."

"உறுதி எழுதறவன் வயலுக்குள்ள எறங்கற இல்லயே, தம்பி" என்றார். கடிதத்தில் கையொப்பத்தை வாங்கிக்கொண்டு பஸ்சுக்குப் போய்விட்டார்.

இரண்டாம் பிரிவை அன்றே தட்டச்சு செய்தேன்: மேற்படி வெற்றிடத்தின் நான்கு மூலைகளில் இரண்டோ அதற்கு மேற்பட்டவையோ எதிராளிக்குச் சொந்தமாயின் அது கண் அன்று. பொறியியலாளர் ஏற்றினார், ஓட்டினார். உறைக்குள் இருக்கும் கட்டத்தைக் கொடுத்தார். வெள்ளைக்கு வெற்றி. திரும்ப ஓட்டினார். வெள்ளை. விசாரணைக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார். "பரவாயில்ல சேர், நீங்க செய்யவேண்டியதெல்லாம் செஞ்சிட்டீங்க" என்றார். ஒருவரை வழியனுப்பும்போது சொல்கிற மாதிரிச் சொன்னார்.

மறுநாள் காலையில் வெளிக்களக் கடமை என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, அரைத்தாளையும் எடுத்துக்கொண்டு, அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறினேன். வழியில் சோதனைச் சாவடி. என் அட்டையை வாங்கிய சிப்பாய் பார்க்காமலே திருப்பித் தந்தான். அவருடைய அட்டையை வெயிலில் பிடித்து, முன்பக்கம் பார்த்து, பின்பக்கம் பார்த்து, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு நேரே பார்த்தபடி நின்றார். அவருடைய சட்டைக் கழுத்து பின்னால் நனைந்துகொண்டு வருவதை நான் பார்த்தேன். இரண்டு நிமிடம் இருக்கலாம். அட்டை திரும்பி வந்தது. அந்தத் தாளில் இருந்த விதி எதற்கானது என்று எனக்கு அந்த இரண்டு நிமிடத்தில்தான் முழுவதும் விளங்கியது.

வட்டவிதானையார் முழங்கால் சேற்றில் நின்று வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். விதைப்புக் காலம். எங்களைக் கண்டதும், "மதகுக் கடிதத்துல பிழையா?" என்றார். விஷயத்தைச் சொன்னோம். பொறியியலாளர் வரம்பில் குந்தியிருந்து, தாளின் பின்பக்கத்தில் கட்டத்தை வரைந்து காட்டினார்.

"இதுல ஒரு மூலதான் வெள்ளையிட்ட இரிக்கி. நீங்க ரெண்டு எண்டு சொன்னீங்க, காக்கா. அதால மெஷின் கண் எண்டு நினைக்குது."

"இந்தக் கோட்டுக்கு அங்கால என்ன?"

"ஒண்டுமில்ல. பலகை முடிஞ்சி. கடல் எண்டு வெச்சுக்கங்க."

"கடல் கல்முனையாருட வேல. குளம் எண்டு சொல்லு." தாளைப் பொறியியலாளரின் கையிலிருந்து வாங்கி, அதன் கீழ் விளிம்பில் சேற்று விரலை வைத்தார். "குளத்தோர வயலுக்கு ரெண்டு மூலதானே மனே இரிக்கி. அதுல ஒண்ட அவன் புடிச்சா எதால சுத்தி வருவாய்? குளத்துக்குள்ளாலயா வரம்பு கட்டுவாய்?" பெருவிரலால் மூலையை அழுத்திக் காட்டினார். "ஓரத்துக்கு ஒண்டே போதும். இத நான் வேற சொல்லணுமா? ரெண்டு பேரும் படிச்ச மனிசர்."

பொறியியலாளர் சப்பாத்துக் காலோடு சேற்றுக்குள் இறங்கி அவரைக் கட்டிப்பிடித்தார். "சப்பாத்து, சப்பாத்து" என்று வட்டவிதானையார் கத்தினார்.

மூன்றாம் பிரிவைச் சேற்றுக் கறையோடு அதே தாளில் தட்டச்சு செய்தேன்: வெற்றிடம் பலகையின் ஓரத்தில் அமைந்திருப்பின், ஒரு மூலையேனும் எதிராளிக்குச் சொந்தமாதல் போதுமானது. அன்று பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, கணினி முதல்தடவையாக அந்த இடத்தில் கல்லை வைத்தது. கறுப்புக்கு வெற்றி.

விசாரணை நாளில் அதிகாரி அதே கதிரையில் உட்கார்ந்தார். அரக்கை உடைப்பதற்கு அவருக்குக் கத்தி தேவைப்பட்டது. கட்டத்தைக் கணினிக்குக் கொடுக்கச் சொல்லி, விடைத் தாளை மடித்தபடியே கையில் வைத்துக்கொண்டார். ஆயிரம் ஆட்டம் ஓடி முடிந்தது. எண்ணூற்றுச் சொச்சத்தில் கறுப்புக்கு வெற்றி. அவர் மடிப்பை விரித்துப் பார்த்தார். நான் மூச்சு விடப்போன நேரத்தில், "தாயம் ஒருக்கா எல்லாருக்கும் விழும், தம்பி. திரும்ப" என்றார். திரும்ப ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. அரை மணித்தியாலத்துக்கு மேல் அந்த அறைக்குள் நாங்கள் மூவரும் காத்திருந்தோம். என் மனதுக்குள் ஒரு பயம் புகுந்தது. இந்த இயந்திரம் கண்டபடி ஆடுகிறது. ஒவ்வொரு ஆட்டமும் வேறு. அடுத்த தடவை இது என்ன சொல்லும் என்று அதைச் செய்தவருக்கே தெரியாது. அரசாங்கத்தில் நான் படித்த எந்த நடைமுறையும் அடுத்த தடவை வேறாக நடப்பதில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தைக் கொண்டுபோய்க் கண்டபடி ஆடும் ஒன்றில் வைத்துவிட்டோமே.

மின்சாரம் வந்தது. ஓடியது. எண் வேறு, ஆனால் பக்கத்தில்தான். விடை அதே கறுப்பு. அதிகாரி எழும்பி வந்து, மூன்றாந் தடவை விசையைத் தானே அமுக்கினார். எண் திரும்பவும் வேறு, திரும்பவும் கறுப்பு. மூன்று எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சூதாடுறவனுக்கு மூண்டு தரமும் மூண்டு கதை. இது மூண்டு வழியால வந்து ஒரே வாசலில நிக்குது. இது கணக்குத்தான்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா வாய்மொழி அனுமதிக்கு ஏ.ஓ.வை எச்சரிக்கச் சொல்லி எழுதவேண்டி வரும்."

"எழுதத்தான் வேணும், ஐயா. ஒழுங்கு அதுதான்" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு தண்டனையை ஒப்புக்கொண்டதில்லை.

அவர் போனதும் பொறியியலாளர் வாசலில் நின்று, சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். "சேர், பசிக்குது" என்றார். இரண்டு கிழமையாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். பக்கத்துக் கடைக்குப் போய்ச் சோறும் மீன்கறியும் சாப்பிட்டோம். அவர் மூன்று தரம் சோறு வாங்கினார். கடைக்காரர் என்னை, இந்தத் தம்பியை எங்கே பிடித்தீர்கள் என்பதுபோல் பார்த்தார். சில மாதங்களில் நியமனம் உறுதியான கடிதம் வந்தது. நானே பதிவேட்டில் பதிந்து, நானே அவர் மேசைக்குக் கொண்டுபோனேன். ஏ.ஓ. ஒருவர் கடிதம் சுமப்பது எந்த நடைமுறையிலும் இல்லை.

இப்போது அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். காரைதீவிலிருந்து மாதம் ஒரு தடவை வருவார். வழியில் யாரும் மறிப்பதில்லை, அதைப் பற்றி நாங்கள் இருவரும் கதைப்பதுமில்லை. பலகையை விரிப்போம், நான் தோற்பேன். போன தடவை வந்தபோது, இப்போதைய கணினிகள் உலகத்திலுள்ள பெரிய ஆட்டக்காரர்களையெல்லாம் வென்றுவிட்டன என்றார். "கண் எது எண்டு ஆரும் எழுதிக் குடுக்கத் தேவையில்லயாம் சேர். தானே ஆடித் தானே படிக்குதாம்." அப்படியானால் என் விதி நீக்கப்பட்டுவிட்டது, வர்த்தமானியில் ஓர் அறிவித்தல்கூட இல்லாமல். நான் எழுதிய எத்தனையோ விதிகளுக்கு அந்தக் கதிதான் நேர்ந்தது, அவற்றுக்காகக் கவலைப்பட்டதில்லை. இதற்காகவும் கவலைப்படவில்லை. அது தேவைப்பட்ட நாளில் வேலை செய்தது.

வட்டவிதானையார், மழை நன்றாகப் பெய்த ஒரு வருடத்தில், தன் வீட்டுக் கட்டிலில், வயது முதிர்ந்து மௌத்தானார். அந்த வருடங்களைத் தாண்டியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று தெரியும். ஜனாசா அடக்கத்துக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். பொறியியலாளர் சப்பாத்தை வாசலிலேயே கழற்றி வைத்தார்.

என் மனைவி எறியப் பார்க்கிற தாளில் இருப்பது தேத்தண்ணி அல்ல, அந்தப் பெருவிரல். வட்டவிதானையாருக்கு அழகாகக் கையெழுத்துப் போடத் தெரியும். இதை அறிந்தால் கோபித்திருப்பார். எப்படியானாலும், கையொப்பமில்லாத ஒரு பத்திரத்தில் பெருவிரல் அடையாளம் மட்டும் இருந்தால் அது செல்லுபடியாவதற்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். எனக்கு இன்னும் மறக்காத நடைமுறைகளில் அதுவும் ஒன்று. சாட்சிகள் இரண்டு பேரும் இருக்கிறோம்.